ஆடிச் சீராக வந்த மண்

எங்கள் தெருவில் ஆடி மாதம் எந்த வீட்டுக்கு என்ன சீர் வந்தது என்பது பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தட்டு எத்தனை, மாம்பழம் எந்த ரகம், புடவை அசல் பட்டா கலப்பா என்று எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிந்த பிறகுதான் சீர் வாங்கியவளுக்கே தெரியும். என் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீரைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். எனக்கு மண் வந்தது. இரண்டு மூட்டை, மஞ்சள் குங்குமம் வைத்து, குடை பிடித்து வந்தது.

அதை நானே கேட்டு வாங்கினேன் என்பதைத்தான் தெருவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பைத்தியம் என்று ஒருத்தி சொன்னாள். செய்வினை என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேரும் அதே வாரத்தில் என் வீட்டுக்குக் கடன் தயிர் வாங்க வந்தார்கள், கொடுத்தேன்.

ஒலக்கூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் செல்போன் சரிபார்க்கும் கடை வைத்திருக்கிறார். நிலத்தை நான்தான் பார்க்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இப்போது பட்டம் இருக்கட்டும், ஆடியையே தேட வேண்டியிருக்கிறது. பங்குனி வெயில் ஆடியிலும் அடிக்கிறது. ஆடிக் காற்றில் பறக்க வேண்டிய அம்மி எங்கள் வீட்டுப் பின்னால் போட்டது போட்டபடி கிடக்கிறது.

சில வருஷங்களாக எங்கள் மல்லாட்டைச் செடி, வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை, மஞ்சளாக முளைத்து, மஞ்சளாகவே வளர்ந்து, மஞ்சளாகவே போய்ச் சேர்ந்தது. நலங்கு வைத்த பெண்ணுக்காவது கல்யாணத்துக்குப் பிறகு மஞ்சள் போகும். யூரியா போட்டால் கொஞ்ச நாள் பச்சையாக நடிக்கும், பிறகு பழைய கதை. ஒரு நாள் கோபத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, வழவழவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் இருந்தது.

அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. என் பிறந்த ஊர் கெடார். அங்கே எங்கள் வயலில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்கக் கேப்பை மணி ஒட்டினாற்போல் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதை நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பாக இருக்கும். சிறுமிகளாக இருந்தபோது அந்தச் சிவப்பைப் பக்கத்தில் இருப்பவள் பாவாடையில் தேய்த்துவிட்டு ஓடுவது எங்களுக்கு விளையாட்டு. இந்த ஒலக்கூர் வேரில் யார் பாவாடையையும் கெடுக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

செடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் சின்ன வயது, பொறுமைசாலி. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இருக்கிறது, அது வேருக்குள் குடியேறி முடிச்சு கட்டுகிறது, முடிச்சுக்குள் சிவப்பாக இருந்தால் அது உயிரோடு இருக்கிறது என்றாள். செடி அதற்கு இலையில் செய்த சர்க்கரையை அனுப்புமாம். அது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிச் செடிக்குக் கொடுக்குமாம். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரியா என்று கேட்டேன். வீட்டோடு மாப்பிள்ளையாவது சில சமயம் வேலை செய்யாமல் இருப்பார், இது வேலை செய்யும் என்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் மண் கொஞ்ச நாள் சுட்டு, கோடை மழையில் ஆறும். இப்போது மாசியில் ஆரம்பிக்கிற சூடு விடாமல் நிற்கிறது. வெற்று நிலம் மாதக் கணக்கில் வெந்தால் அந்த உயிரில் பெரும்பகுதி செத்துப்போகும். தப்பிப் பிழைத்தது, கார்த்திகையில் ஒரே ராத்திரியில் ஒரு மாத மழை கொட்டி வயலில் தண்ணீர் நிற்கிறபோது மூச்சு முட்டிப் போகும். அப்படியும் ஒன்றிரண்டு மிஞ்சி வேரைத் தேடி வந்தாலும், வெயிலில் வாடுகிற செடிக்குத் தன் வயிற்றுக்கே போதவில்லை, வந்தவருக்கு எங்கே சர்க்கரை அனுப்பும்?

"இதுல செடி மேலயும் தப்பு இல்லக்கா, அது மேலயும் தப்பு இல்ல. வெயிலு நடுவுல பூந்து ரெண்டு பேரையும் பிரிச்சிடுச்சு" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் நடந்த பிரிவினை எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் நடுவில் புகுந்திருக்கிறார். அதனால் எனக்கு இது நன்றாகவே புரிந்தது. யார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வெயிலை என்ன கேட்பது?

அந்த உயிரையே பாக்கெட்டில் அடைத்துக் கொடுக்கிறார்கள். ஆறின கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். பாக்கெட்டை வாங்கி வரும் வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் எதையும் மறக்கிற மனிதர் இல்லை. ஞாபகமாக வாங்கினார். ஞாபகமாகப் பைக்கின் டேங்க் கவருக்குள் வைத்தார். ஞாபகமாகப் பைக்கை வெயிலில் நிறுத்திவிட்டு, கடைக்குள் ஃபேனுக்கு அடியில் போய் மாலை வரை உட்கார்ந்தார். பாக்கெட் என் கைக்கு வந்தபோது அதில் இட்லி வேக வைத்திருக்கலாம். கேட்டதற்கு, மருந்துதானே, சூட்டில் என்ன ஆகும் என்றார். மருந்து இல்லை, உயிர் என்றேன். அப்படியானால் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்க மாட்டானா என்று கேட்டார்.

அந்த வருஷமும் மஞ்சள்தான்.

இதற்குள் பக்கத்து நிலம் பிளாட் ஆகிவிட்டது. வண்ணக் கொடி கட்டி, வளைவு வைத்து, அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார்கள். அந்த பிளாட்காரர் என் வீட்டுக்காரரின் கடைக்கு வந்து, கெடாத போனைக் கெட்டுப்போனதாகச் சொல்லி உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சு வந்துவிட்டது.

"இந்த ஒரு ஆடி பாரு. செடி பச்சையா வந்தா நீயே வெச்சிக்கோ. மஞ்சளா வந்துச்சுன்னா நாமளும் பிளாட்டுக் கல்லு நட்டுடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

கோபத்தில் ஒத்துக்கொண்டேன். நிதானமாக இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், ஆனால் நான் நிதானமாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த நிலம் எனக்கு வேண்டும். மண்ணே தெய்வம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அது அரசியல்வாதி பேச்சு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என் பேச்சு எடுபடுகிற இடம் அது ஒன்றுதான். வீட்டில் நான் ஒன்று சொன்னால் "ஆவட்டும்" என்பார்கள். ஆகாது. வயலில் சொன்னால் அன்றைக்கே ஏர் இறங்கும். அதில் கல் நட்டுவிட்டால் நான் போய் நிற்க இடம் இல்லை.

அலுவலகத்துப் பெண்ணிடம் மறுபடி போனேன். பாக்கெட்டில் இருப்பது எங்கேயோ வளர்ந்தது, இந்த வெயிலுக்கு அது நிற்குமா என்பதும் சந்தேகம்தான் என்றாள். நம் பக்கத்திலேயே, மல்லாட்டை இன்னும் பச்சையாக வருகிற வயலின் மண்ணில் இருப்பது இந்தச் சூட்டுக்குப் பழகினதாக இருக்கும். அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துவந்து, எருவோடு கலந்து, விதை விழுகிற உழவுச் சாலில் போட்டுப் பாருங்கள் என்றாள். வேர் அழுகல் நோய் இல்லாத வயலாகப் பார்த்து எடுக்க வேண்டும், வெயில் படாமல், ஈரம் காயாமல் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். பாக்கெட் கதை அவளுக்குத் தெரியும்.

அப்படி ஒரு வயல் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. கெடாரில் என் அண்ணனுடையது. ஏரிக்குக் கீழே, சுற்றிலும் புளிய மரம், கோடையிலும் காலை வைத்தால் குளிரும்.

அண்ணனுக்குப் போன் போட்டு இரண்டு மூட்டை மண் வேண்டும் என்றேன். அவர் முதலில், சுகமாக இருக்கிறாயா என்று கேட்டார். மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். யாராவது வக்கீலைப் பார்த்தாயா என்று கேட்டார். அப்பா போனபோது நான் நிலத்தில் பங்கு கேட்கவில்லை. அது அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கு மூட்டையில் கேட்பவள் நாளைக்கு ஏக்கரில் கேட்பாள் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தினம் போன் செய்து ஒவ்வொன்றாகத் தருவதாகச் சொன்னார். மிக்ஸி தருகிறேன் என்றார். மாவாட்டும் கிரைண்டர் தருகிறேன் என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு நூல் புடவை எடுத்துத் தராதவர், பட்டுப் புடவை எடுத்துத் தருகிறேன் என்றார். மண் மட்டும் வேண்டாமாம். ஆடியில் வயல் மண் வெளியே போனால் விளைச்சலும் கூடவே போய்விடும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறாராம்.

பொறுக்க முடியாமல் விழுப்புரம் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, கெடாருக்கே போய்விட்டேன். அண்ணன் எனக்குப் பாய் போட்டு உட்கார வைத்து, தான் சுவரோரம் நின்றார். போனதும் நான் ஒரு தவறு செய்தேன். மண்ணில் நோய் ஏதாவது உண்டா என்று முதலில் கேட்டுவிட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணுக்கு வலிப்பு உண்டா என்று கேட்டதுபோல் ஆகிவிட்டது.

"நீ பொறந்த மண்ணும்மா இது. இதுல இன்னா நோவு கீதுன்னு கேக்கறியா?" என்று அண்ணன் கண் கலங்கிவிட்டார்.

காப்பாற்றியது அண்ணி. அண்ணி நேராகச் சொன்னால் அண்ணன் கேட்க மாட்டார். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டு, அரிசியிடம் சொல்வதுபோல் சொன்னால் கேட்பார். அன்றும் அண்ணி அரிசியிடம்தான் பேசினார்.

"அவங்க கேட்டு நாம குடுத்தா அது பங்கு. நாமளா கொண்டுபோயி குடுத்தா அது சீரு. சீரு வாங்கினவ எவளும் திரும்பி வந்து இன்னொண்ணு கேக்க முடியாது."

அண்ணன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஜோசியரின் ஆட்சேபமும் அத்தோடு போயிற்று, சீருக்கு ஆடிதானே மாதம். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் எனக்கு மண் வேண்டும், அதனால் இரண்டையும் விழுங்கிவிட்டு மோர் குடித்தேன்.

சீர் என்று ஆகிவிட்டால் முறை என்று ஒன்று வந்துவிடும். அண்ணன்தான் கொண்டுவர வேண்டும், தட்டு வைக்க வேண்டும், நல்ல நேரம் பார்க்க வேண்டும். நல்ல நேரம் பத்தரைக்கு மேல்தான் என்றார். விடியற்காலையில் கிளம்பினால்தான் மண் சூடாகாது என்று மன்றாடினேன். நேரம் பார்க்காமல் கிளம்பின சீர் விளங்காது என்றார். வெயிலில் போன மண்ணும் விளங்காது என்றேன். கடைசியில் மண்ணை விடியற்காலையில் வெட்டுவது, பத்தரை வரை புளியமரத்து நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வைப்பது, பிறகு கிளம்புவது என்று ராஜி ஆனது.

சின்ன லோடு வண்டி பேசியிருந்தார்கள். மேலே கூரை இல்லை. அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அண்ணி பழத்தட்டோடும் நான் மூட்டைகளோடும் உட்கார்ந்தோம். அண்ணி மூட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தார். இருந்தது ஒரு குடை. அதை மூட்டைக்குப் பிடித்துக்கொண்டு நான் வெயிலில் வந்தேன். விழுப்புரம் வரும்போதே என் தலையில் அப்பளம் சுடலாம்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். ஈரம் சொட்டுகிற மூட்டையைப் பார்த்ததும் ஆற்று மணல் கடத்துகிறோம் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் வந்து குங்குமத்தையும் பூவையும் பார்த்ததும் சிலையோ புதையலோ என்று சந்தேகம் வந்து, மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு மண்புழு வந்தது. அண்ணன் இறங்கி, இது சீர், தங்கைக்கு என்று சொன்னார். போலீஸ்காரர் அண்ணனைப் பார்த்தார், குடைக்கு அடியில் இருந்த மூட்டையைப் பார்த்தார், வெயிலில் இருந்த என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, கூடப்பொறந்தவரு மண்ணு குடுக்கறாரு, நீயும் வாங்கிக்கினு போற. உனக்குன்னு கேக்க ஒரு ஆள் இல்லையா?" என்றார்.

அவர் கேட்டது என் மேல் இரக்கப்பட்டுத்தான். ஆனால் அண்ணனுக்கு அது செருப்பால் அடித்தது மாதிரி ஆகிவிட்டது. திண்டிவனத்தில் மேம்பாலம் இறங்கியதும் ஒரு ஜவுளிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பட்டுப் புடவை எடுத்தே தீருவேன் என்று உள்ளே போய்விட்டார்.

நேரம் உச்சி வேளை. நிழல் என்று சொல்ல அந்த ரோட்டில் ஒரு கம்பம் கூட இல்லை. முதலில் மண்ணை வீட்டில் சேர்ப்போம் என்று பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். அண்ணன் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து அரக்கில் எடுக்கவா பச்சையில் எடுக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். புடவை எடுக்கும் ஆண்பிள்ளையை எழுப்ப முடியாது, அவர்கள் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் உட்காருகிறார்கள். வெளியே வந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. டேங்க் கவர் ஞாபகம் வந்தது.

டிரைவரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, இரண்டு மூட்டையையும் கடைக்குள்ளேயே கொண்டுவந்து ஏசிக்கு நேர் கீழே இறக்கிவிட்டேன். மேலாளர் ஓடிவந்தார். என்னம்மா இது என்று கேட்டார்.

"எங்ககூட வந்தவங்க. இவங்களுக்கு வெயிலு ஆகாது" என்றேன்.

அவர் பதில் யோசிப்பதற்குள் ஒரு விற்பனைப் பெண் மஞ்சள் குங்குமத்தைப் பார்த்துவிட்டாள். ஆடி மாதம் அல்லவா, அம்மன் கோயில் புற்று மண் என்று நினைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கும்பிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். வேட்டிப் பிரிவிலிருந்து வந்தார்கள். தைத்து முடித்த பிளவுஸ் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் வெயில் காய்ந்து, குடை பிடித்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த உயிர்கள் ஒவ்வொரு நெற்றியாக ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொன்னால் மூட்டை வெளியே போகும். மேலாளரே கடைசியில் ஒரு சிட்டிகை எடுத்துக் கல்லாப்பெட்டியில் போட்டுக்கொண்டு, எந்தக் கோயில் என்று கேட்டார். கெடார் என்று அண்ணி சொன்னார். ரொம்ப சக்தி வாய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார் அவர்.

ஒலக்கூரில் இறங்கியபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. பழம் வந்தது, அரக்குப் பட்டு வந்தது, பிறகு மண் வந்தது. என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மச்சானை வரவேற்க நின்றார். மூட்டையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு மாமியார் வீட்டில் வண்டி தருகிறார்கள் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். வண்டி தந்திருந்தால் அதையும் வெயிலில்தான் நிறுத்தியிருப்பீர்கள் என்றேன்.

விதைக்கலாம் என்று பார்த்தால் மழை இல்லை. காய்ந்த மண்ணில் இதைக் கொண்டுபோய்ப் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் நாங்கள் படுக்கிற அறைதான். மூட்டைகளை அங்கே கட்டிலோரம் வைத்து, ஈரத் துணி போர்த்தி, டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பினேன். அவர் புழுக்கத்தில் புரண்டு படுத்தார். தினம் காலையில் கால் விரலை மூட்டையில் இடித்துக்கொண்டார். மண்ணுக்குக் காற்று வாங்குகிற வீடு இந்தத் தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆனால் ஃபேனைத் திருப்பிவிடவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணி பிறந்து ஒரு மழை பெய்தது. வெயில் தாழ்ந்ததும் மண்ணை எருவோடு கலந்து சாலில் தூவி விதைத்தோம். நெற்றிகளுக்குப் போனது போக மிச்சம் இருந்தது கிழக்குப் பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. மேற்குப் பாதியில் வெறுமனே விதைத்தேன். முளைத்தபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அடுத்த சில வாரம் நான் வயலைப் பார்க்காமல் வரப்பைப் பார்த்தே நடந்தேன். பார்த்தால் மஞ்சளாகத் தெரியுமோ என்று பயம்.

செடி பூ விடுகிற சமயத்தில் கிழக்குப் பாதி பச்சை பிடிக்க ஆரம்பித்தது, கூடவே வேறொரு சங்கடமும் ஆரம்பித்தது. தினம் காலையில் இரண்டு பாதியிலும், கிழக்கில் அதிகமாக, சில செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. தொட்டால் கையோடு வந்தன. யாரோ பிடுங்கி, திரும்ப நட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் மயில் என்று நினைத்தேன். மயில் பிடுங்கும், நடாது. பன்றி என்றால் கிளறிப் போட்டிருக்கும். அப்புறம் பிளாட்காரர் மேல் சந்தேகம் வந்தது. செடி பச்சைக்குத் திரும்புவது அவருக்கு ஆகவில்லை, ஆள் வைத்து அழிக்கிறார் என்று முடிவு கட்டினேன். வரப்பில் நின்று ஊர் கேட்கிற மாதிரி திட்டி, மண்ணை வாரித் தூற்றினேன். மேற்குப் பக்கத்து மண்ணைத்தான் வாரினேன். கிழக்கு மண்ணை வீணாக்க மனம் வரவில்லை.

மறுநாள் பொழுது விடிவதற்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வயலுக்குள் வெளிச்சம் தெரிந்தது. ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்திருந்தான். மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு பக்கத்தில் போன பிறகுதான் சட்டையைப் பார்த்தேன். நான் துவைத்த சட்டை.

என் வீட்டுக்காரர் ஒரு கையில் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் செல்போன் சரிபார்க்கும் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, பிடுங்கிய செடியின் வேரைச் சின்ன இடுக்கியால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நடுவதற்குக் குழி. ஊற்றுவதற்கு ஒரு பாட்டில் தண்ணீர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, திருடன் மாதிரி டார்ச்சை மட்டும் அணைத்தார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். பூ விட்டதிலிருந்து என்றார். தினம் எதற்கு, ஒரு நாள் பார்த்தால் போதாதா என்றேன். நேற்று இல்லாத செடியில் இன்றைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார். பிடுங்கின செடியில் மறுநாள் எப்படி வரும் என்று கத்தினேன். அவர் டார்ச்சை மறுபடி போட்டு, வேரை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கேப்பை மணி போல் ஏழெட்டு முடிச்சு. ஒன்றை இடுக்கியால் நசுக்கினார்.

"சேப்பா கீது பாரு" என்றார்.

பார்த்தேன். சிவப்பாக இருந்தது. அவர் பேசிக்கொண்டே போனார். எல்லாச் செடியிலும் இல்லையாம், மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறதாம், வரப்போரம் நிழல் விழுகிற இடத்தில் கூடுதலாம். மேற்குப் பாதியில் எவ்வளவு பிடுங்கியும் ஒன்றுகூட இல்லையாம். போர்டில் எந்த இடத்தில் கரண்ட் வருகிறது, எந்த இடத்தில் வரவில்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். பிறகு வேரைத் திருப்பிப் பார்த்தபடியே கேட்டார்.

"அடுத்த வருசம் மேக்கால பாதிக்கும் போடணும்னா, நம்ம மண்ணையே எடுத்து வெச்சிக்கலாம், உங்க அண்ணன்கிட்ட போயி நிக்க வேணாம். ஆனா அவ்ளோ வெயில்ல இத எங்க வெச்சிக் காப்பாத்தறது?"

அடுத்த வருஷம் என்று சொன்னது அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆனால் அவர் கேட்டதும் நியாயம்தான். வருகிற கோடை போன கோடையைவிடக் குறைவாக இருக்கும் என்று சொல்ல எங்கள் ஊரில் யாரும் இல்லை.

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, முதலில் பிடுங்கினதை நடுங்கள் என்றேன். பூ விட்ட பிறகு பிடுங்கி நட்ட மல்லாட்டைச் செடி பிழைக்காது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற, நான் ஒவ்வொன்றாகக் குழியில் வைத்து மண் அணைத்துக்கொண்டே வந்தேன்.